மூன்று சீட் படகு

தாயி,

இந்தக் கடிதத்தை நீல டப்பாவுக்குள், மாற்றுப் பக்கிள்களுக்கும் பசை டியூபுக்கும் மேலே மடித்து வைத்திருக்கிறேன். படகில் ஏதாவது அறுந்தாலோ பிய்ந்தாலோதான் அந்த டப்பாவைத் திறப்பாய். அதனால் இது உன் கையில் கிடைக்க ஒரு வாரமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். ஆகட்டும். கல்யாண வீட்டில் கையில் கொடுத்தால் நீ நின்ற இடத்திலேயே பிரிப்பாய், உன் அம்மா வந்து "என்னத்த எழுதிருக்காக, சத்தமாப் படி" என்பாள், எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். கம்பத்தில் முப்பத்தைந்து வருஷமாகக் குஷன் கடை வைத்திருப்பவன் மகளுக்கு நாலு வரி எழுத இவ்வளவு திணறினான் என்று ஜீப் ஸ்டாண்டில் தெரிந்தால் அவர்கள் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள்.

வருகிற வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்கு அடுத்த வாரம் நீயும் விபினும் அந்தச் சிவப்புப் படகைப் பிக்கப் வண்டியில் கட்டிக்கொண்டு வடக்கே, இமயமலை ஆற்றுக்கு வேலைக்குப் போகிறீர்கள். வெள்ளம் பாய்கிற ஆற்றில் ஆட்களைக் கூட்டிப் போய்ப் பத்திரமாகக் கரை சேர்ப்பது ஒரு உத்தியோகம் என்று நம்புவதற்கே எனக்கு நாலு வருஷம் பிடித்தது. போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் இருக்கிற புத்தியெல்லாம் இந்தப் படகுக்குச் சீட் போட்டபோது நான் செய்த தப்புகளிலிருந்து வந்ததுதான். அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

வைகாசியில் நீ படகைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கியபோது நான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்றுக்கு டாப் தைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தேன். பதின்மூன்று அடி நீளம், இரண்டு பக்கமும் கூர்மை, அடியெல்லாம் கீறல். உள்ளே ஒன்றுமே இல்லை, கொட்டையெடுத்த புளியம்பழ ஓடு மாதிரி வெறுமையாகக் கிடந்தது. நீயும் விபினும் கோழிக்கோட்டுப் பக்கம் யாரிடமோ பழசாக வாங்கியது. "அண்ணே, இது மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். நீ அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "அப்பா, இதுக்கு சீட்டு போடணும்" என்றாய்.

"எத்தன பேருக்கு?"

"ஒத்த ஆளுக்கும் போடணும். ரெண்டு பேருக்கும் போடணும்."

"ரெண்டு பேருக்குப் போட்டுட்டா, ஒத்த ஆளு அதுலயே உக்காந்து போயிர வேண்டியதுதான?"

"இது ஜீப்பு இல்லப்பா" என்று சிரித்தாய்.

நீ சிரித்தது நியாயம்தான். எட்டுப் பேர் உட்காருகிற ஜீப்பில் பதினாலு பேரை உட்கார வைக்கிற மாதிரி பலகையும் குஷனும் அடித்துக் கொடுத்தே பேர் வாங்கியவன் நான். இன்னும் ஒரு ஆளுக்கு எங்கே இடம் எடுக்கலாம் என்பதுதான் என் தொழில். ஒற்றை ஆளுக்குச் சீட் போட்டுக் கொடு என்று கேட்டு இந்தக் கடைப் படியை யாரும் ஏறியதில்லை. ஆறும் எனக்கு அப்படித்தான் அந்நியம். தினமும் பாலத்தின் மேல் போகிறேன், வருகிறேன். அணையில் தண்ணீர் திறந்தால் நெல் நடுவார்கள் என்று தெரியும். மற்றபடி முல்லைப் பெரியாறு எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விலகிப் போகிற ஒரு சாமி. இதில் படகு விட்டவர்களை நான் பார்த்ததே கிடையாது.

படகின் உள்பக்கத்தில் நீ சாக்பீஸால் கோடு போட்டு விளக்கினாய். இரண்டு பேர் போனால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் காற்றடைத்த பெரிய பை. ஒருவர் மட்டும் போனால் அவர் நடுவில், இரண்டு முனையிலும் காற்றுப்பை. அலை ஏறி உள்ளே விழுந்தாலும் பை அடைத்திருக்கிற இடத்தில் தண்ணீருக்கு இடமில்லை, அதனால் படகு மூழ்காது என்றாய். மூன்று சீட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், கரையில் நின்றபடியே மாற்ற வேண்டும் என்றாய். சீட் என்றாலும் உட்காருவது கிடையாது. முட்டி போட்டு, காலைப் பின்னால் மடக்கி, குதிரைமேல் இருப்பதுபோல ஒரு ஃபோம் கட்டையை இரண்டு தொடைக்கும் நடுவே வைத்துக்கொண்டு, தொடைமேல் பெல்ட் மாட்டிக்கொள்ள வேண்டும். கையால்தான் படகு ஓடும் என்று நினைத்திருந்தேன். முட்டியும் இடுப்பும் சொல்வதைத்தான் படகு கேட்கும், கை அப்புறம்தான் என்று நீ சொன்னபோது, நான் தைத்த அத்தனை சீட்டிலும் உட்கார்ந்தவர்கள் சுமைதான், ஓட்டுகிறவர்கள் இல்லை என்று தோன்றியது. என் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்ற மலைப்பு அன்றைக்குத் தொடங்கியது. இன்னும் அடங்கவில்லை.

மலைத்துப்போய் நின்றாலும் திமிர் போகவில்லை. இரண்டே நாளில், ஜீப்புக்குப் போடுகிற ஸ்பாஞ்சை வெட்டி, மெரூன் ரெக்சின் போர்த்தி, வெள்ளைப் பைப்பிங் வைத்து ஒரு சீட் தைத்து உன் முன்னால் வைத்தேன். நீ அதைத் தடவிப் பார்த்து "அழகா இருக்குப்பா" என்றாய். பிறகு தூக்கிக்கொண்டு போய் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாய். அதிலிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. "இது தண்ணி குடிக்கும்ப்பா. பத்துக் கிலோவக் குடிச்சுட்டு எங்கூடவே வரும்" என்றாய். நான் டீ வரும்வரை உன்னோடு பேசவில்லை. அப்புறம் விபின் கொச்சியிலிருந்து செருப்புக்குப் போடுகிற மாதிரியான கெட்டி ஃபோமை பஸ் பார்சலில் அனுப்பிவைத்தார். ஹாக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உன் தொடைக்கு அளவு பார்த்துப் பார்த்துக் குறைத்தோம். விளிம்புக்குக் கீழே வரிசையாகத் துளை போட்டு, காற்றுப்பை எழும்பி வெளியே போகாதபடி மேலே நைலான் கயிற்றைக் கட்டில் பின்னுகிற மாதிரி நீ பின்னினாய். பின்னல் ஒரு இடத்தில்கூடத் தளரவில்லை.

அடுத்த சண்டை பெல்ட்டுக்கு. என் தையல் பிரியாது என்று குமுளி வரைக்கும் பேர். தொடை பெல்ட்டில் தையலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, ஜீப் டாப்புக்குப் போடுகிற இரும்புப் பக்கிளை மாட்டினேன். இழுக்க இழுக்க இறுகுமே, அது. நீ கடைத் தரையில் படகை வைத்து, உள்ளே முட்டி போட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "கவுத்துங்க" என்றாய். நானும் பக்கத்து லேத் பட்டறைக்காரரும் சேர்ந்து படகைக் கவிழ்த்தோம். உள்ளே தலைகீழாக உன் கை தடவுகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. நீ வெளியே வந்தபோது விரல் முட்டி தோல் உரிந்திருந்தது.

"ஒரே இழுப்புல கழறணும்ப்பா. அங்கன கண்ணு தெரியாது, காது கேக்காது, மூச்சு இருக்காது. கை மட்டுந்தேன் இருக்கும்."

"கழறுறதுக்கா பெல்ட்டு போடுறோம்?"

"ஆமா. கழறுறதுக்குத்தேன்."

முனகிக்கொண்டேதான் பிரித்தேன். ஒரே வெட்டில் இழுத்தால் விட்டுவிடுகிற பிளாஸ்டிக் பக்கிளை மாட்டி, கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி நுனியில் சிவப்பு நாடாவை வளையமாக வைத்துத் தைத்தேன். விட்டுப்போவதற்கென்று ஒன்றைத் தைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இனி என் திருட்டுத்தனம். கொச்சியிலிருந்து வந்தது மூன்று கட்டை ஃபோம். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் இரண்டைச் செதுக்கினேன். நீ கழற்றி மாட்டுகிற மாதிரி கேட்டதை, நீ உத்தமபாளையத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன அன்று, படகின் தரையோடு பசை போட்டு ஒட்டிவிட்டேன். மூன்றாவது கட்டையைப் பழைய பேப்பரில் சுற்றிப் பரணில், ரெக்சின் சுருள்களுக்குப் பின்னால் வைத்தேன். "ரெண்டுதேன் வந்துச்சு, ஒண்ணு பஸ்ஸுல எங்குட்டோ விழுந்துருச்சு போல" என்றேன். நீ நம்பினாய். என் சர்க்கரை அளவைப் பற்றி நான் சொல்கிறதை ஒருநாளும் நம்பாதவள், வேலை விஷயத்தில் நான் பொய் சொல்லி நீ கேட்டதில்லை என்பதால் நம்பினாய். "சரி, இன்னொண்ணு அனுப்பச் சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரு ஓட்டுறதப் பாப்போம்" என்றாய். எனக்கு அன்றைக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நடு சீட் இல்லையென்றால் நீ தனியாக ஆற்றில் இறங்க மாட்டாய், எப்போதும் விபின் கூட இருப்பார், எனக்குத் தூக்கம் வரும். இவ்வளவுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கு பழசு. உனக்குப் பதினோரு வயதில், வீரபாண்டியில் சொந்தக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆற்றை நீந்திக் கடந்துவிட்டு ஈரச் சடையோடு வந்து நின்றாய். துணி அளக்கிற இரும்பு ஸ்கேலால் உன் கெண்டைக்காலில் அடித்தேன். அந்தத் தழும்பு முட்டி போடும்போது மேலே தெரிகிறது. படகுக்கு அளவெடுத்த அன்றைக்குப் பார்த்தேன். பிறகு நீ ஆற்றுப் படகுப் பயிற்சிக்கு விண்ணப்பம் கொண்டுவந்தபோது கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். உன் அம்மா "நாந்தேன் போட்டேன், என்ன இப்ப?" என்று பேனாவை மேஜையில் வைத்தாள். மூன்று மாதம் இரண்டு பேரோடும் சரியாகப் பேசவில்லை. ஏன் இவ்வளவு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, தாயி. ஆற்றங்கரை ஊரில் பிறந்து அறுபத்தோரு வயது ஆகிறது, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றதில்லை. உனக்கு ஏதாவது ஆனால் நான் கரையில் நின்று பார்க்கத்தான் முடியும். அந்த நினைப்புத்தான் என் கோபம் முழுவதும்.

ஆனி மாதம் தண்ணீர் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆற்றில் படகு விட நீ முறையாகக் கேட்டு அனுமதி வாங்கி வைத்திருந்தாய். அன்று பார்த்துக் குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து, இறங்கி வர வழியில்லாமல் விபின் குமுளியிலேயே மாட்டிக்கொண்டார். நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்பா, நீங்க முன்னால ஏறுங்க" என்றாய். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் உன் அம்மா, "அவுகள மூழ்கடிச்சுறாத. பத்திரிகையில பேரு அடிச்சாச்சு" என்றாள். அப்புறம் எப்படி மாட்டேன் என்பது. லோயர் கேம்ப்புக்குக் கீழே, தலையில் ஹெல்மெட்டும் உடம்பில் மிதவைச் சட்டையுமாக, நானே ஒட்டிய சீட்டில் முட்டி போட்டேன். கரை விலகியபோது சாமி பேரைக்கூட மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பாலத்தின் மேலிருந்து பார்க்கும்போது ஆறு போய்க்கொண்டிருக்கும். உள்ளே இறங்கினால் ஆறு நின்றுவிடுகிறது, ஊர்தான் போகிறது. தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் மேகமலையும் என்னைச் சுற்றித் திரும்பின. என் முட்டிக்குக் கீழே ஒரு விரல் கனம்கூட இல்லாத பிளாஸ்டிக், அதற்குக் கீழே ஒரு பெரிய உயிர் முதுகை அசைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. உன்னைப் பார்க்க முடியவில்லை. முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது. குரல் மட்டும் வந்தது. "எடது பக்கம் போடுங்க. போடுங்க. விடுங்க. இப்ப ஒண்ணும் செய்யாதீக." உன் குரலில் அவ்வளவு அமைதியை நான் வீட்டில் கேட்டதில்லை. நீ சொன்ன இடத்தில் துடுப்பை வைத்தேன், வைத்த இடத்தில் படகு திரும்பியது. பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் நமக்கு வழிவிட்டது. பயம் எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் முகத்தில் அடித்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் பாறைப் படி வந்தது. ஆற்றுக்குக் குறுக்கே கல் வரிசை, அதைத் தாண்டி இடுப்பு உயரத்துக்குமேல் தண்ணீர் விழுகிற இடம். நீ படகைக் கரையில் ஒதுக்கி என்னை இறக்கினாய். உள்ளே கயிறு அடைத்த ஒரு பையைக் கையில் கொடுத்து, "கீழ அந்த மருத மரத்துக்கிட்ட நில்லுங்க. நான் கத்துனா என் தலைக்கு மேல வீசுங்க. முனைய விட்டுறாதீக" என்றாய். "ஒத்தையாவா போற?" என்று கேட்டேன். "நடு சீட்டு இருந்தா நல்லாருக்கும். பரவால்ல, பின்னால இருந்தே போறேன். மூக்கு கொஞ்சம் தூக்கும், பாத்துக்குவேன்" என்றாய். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கயிற்றுப்பையோடு மரத்தடிக்கு நடந்தேன்.

மூக்கு கொஞ்சம் இல்லை, நன்றாகவே தூக்கியது. முன்னால் கனமே இல்லாததால் படகின் முன்பாதி தண்ணீரைத் தொடாமல் நின்றது. விழுகிற இடத்துக்கு முன்னால் ஓட்டம் அதைப் பிடித்துத் திருப்பியது. நீ முழு உடம்பையும் முன்னால் சாய்த்து நீட்டித் துடுப்புப் போட்டதைப் பார்த்தேன். எட்டவில்லை. படகு குறுக்காகப் போய்ப் பாறையில் மோதி, சாய்ந்து, கவிழ்ந்தது. சிவப்பு அடி மட்டும் தெரிந்தது. நீ கத்தவில்லை, கத்துவதற்கு நீ மேலே இல்லை. கயிற்றுப்பை என் நெஞ்சோடு இருந்தது. எங்கே வீசுவது என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்றும் எனக்குத் தெரியாது. கடைத் தரையில் கேட்ட அந்தத் தடவுகிற சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது.

மருத மரத்துக்கும் கீழே உன் ஹெல்மெட் மேலே வந்தது. கையைத் தூக்கி உன் தலையில் நீயே தட்டிக் காட்டினாய், ஒன்றும் ஆகவில்லை என்று. மல்லாந்து மிதந்து, ஓரமாக நீந்திக் கரையேறி, கல்மேல் நடந்து என்னிடம் வந்தாய். முதல் வார்த்தையாக நீ சொன்னது இது: "பெல்ட்டு கழண்டுச்சுப்பா. ஒரே இழுப்பு."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வேலையைப் பாராட்டினாய். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "ஃபோமு பரண்ல இருக்குத் தாயி. மூணும் வந்துச்சு. நாந்தேன் ஒளிச்சு வச்சேன்" என்றேன். நீ சடையைப் பிழிந்தாய். பாறையில் ஒட்டிக்கொண்டு நின்ற படகைப் பார்த்தாய். அப்புறம், "எத்தன இஞ்சுல வெட்டிருக்கீக?" என்று கேட்டாய்.

"வெட்டல. கட்டையாத்தேன் இருக்கு."

"அப்ப வாங்க. கட பூட்டுறதுக்குள்ள வெட்டிருவோம்."

கடையும் என்னுடையது, பூட்டுகிறவனும் நான். இருந்தாலும் வேகமாக எழுந்தேன். கயிறு போட்டுப் படகை இழுத்துக் கரையேற்றி வண்டியில் கட்டினோம். வண்டியில் வரும்போது ஒரே ஒரு தடவை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் செத்துருந்தா என்னப்பா செஞ்சிருப்பீக?" என்று கேட்டாய். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன்னிடமிருந்து நான் எடுத்துவைத்த பொருள்தான் உன்னைக் கவிழ்த்தது. இதை மட்டும் நீயும் ஞாபகம் வைத்துக்கொள். நாளைக்கு உனக்கும் யாராவது மேல் பயமான பாசம் வரும். அப்போது பரணில் எதையும் ஒளித்து வைக்காதே.

ஒட்டியதைப் பெயர்க்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. என் பசை அப்படி. முன்னாலும் பின்னாலும் பெல்ட் வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி மாற்றினோம். நடு சீட்டுக்கு இடம் கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். படகைத் தரையில் ஒரு இரும்புக் குழாய்மேல் குறுக்காக வைத்து, நீ உள்ளே முட்டி போட்டு, விரல் விரலாக நகர்ந்தாய். ஒரு இடத்தில் இரண்டு முனையும் தரையைத் தொடாமல் நின்றன. பதின்மூன்று அடிப் படகும் ஒரு பெண்பிள்ளையும் ஒரு குழாய்மேல் அசையாமல். லேத் பட்டறைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். அங்கிருந்து ஒரு சாண் பின்னால் தள்ளி, சீட்டின் பின்விளிம்புக்கு நீ சாக்பீஸால் கோடு போட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விபின் வந்தார். அதே பாறைப் படி. நடு சீட் மாட்டியிருந்தது, இரண்டு முனையிலும் பை புடைத்து நின்றது. அவரும் உன்னோடு ஏறுவார் என்று காத்திருந்தேன். அவர் கயிற்றுப்பையை எடுத்துக்கொண்டு மருத மரத்தடிக்கு நடந்தார். "நீங்க ஏறலையா மாப்ள?" என்று கேட்டேன். "இது அவளோட ஓட்டமாக்கும், அச்சா. கயிறும் பிடிச்சு இங்க நிக்கணும். அதும் ஒரு ஜோலிதான்" என்றார். கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். உன் கல்யாணத்துக்கு நான் முழு மனதோடு சம்மதித்தது அந்த நிமிஷம்தான். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் வாய் வார்த்தை.

நீ வந்தாய். விழுகிற இடத்துக்கு வந்ததும் படகு திரும்பவில்லை, நீ திருப்பினாய். இடுப்பைச் சாய்த்தாய், அது சாய்ந்தது. விழுந்து எழுந்ததும், அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று வந்த திசைக்கே திரும்பி ஓடுகிற இடத்துக்குள் படகைச் செருகி நிறுத்தினாய். இரண்டு பக்கமும் ஆறு வெறிபிடித்து ஓடுகிறது. நடுவில் நீ துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து எங்களைப் பார்க்கிறாய். அந்த ஆற்றுக்குள் அப்படி ஒரு இடம் இருக்கும் என்று யார் கண்டது. "அடி ஆத்தி" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. அறுபது வருஷமாகக் கும்பிட்டுவிட்டு விலகிப்போன ஆற்றின் நடுவில் என் மகள் இளைப்பாறினாள். எனக்கு அழுகை வந்தது, துடைக்கவும் இல்லை.

இனி உனக்குத் தெரியாத பாதி. நடு சீட்டின் பெல்ட் மாட்டுகிற வளையங்களைப் படகின் தரையில் ஒட்டிய அன்று, பசை பிடிக்கும்வரை மேலே கனம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நீ சாப்பிடப் போனாய். மணல் மூட்டை வைக்கச் சொன்னாய். நான் வைக்கவில்லை. கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நானே ஏறி முட்டி போட்டேன். நீ வருகிற சத்தம் கேட்கும்வரை அதில் இருந்தேன். அந்த இடத்தைத் தனிமையான இடம் என்றுதான் நினைத்திருந்தேன். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. அப்படித் தோன்றவில்லை, தாயி. இரண்டு முனையும் ஒரே தூரத்தில் இருந்தன. லேசாகச் சாய்ந்தால் முழுப் படகும் சாய்ந்தது. உன் அம்மாவோடு முப்பது வருஷம் பின் சீட்டில் இருந்துகொண்டு, முன்னால் இருப்பவளுக்குத்தான் பாறை முதலில் தெரியும் என்பதைக் கேட்காமலேயே ஓட்டியிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட அன்று அவளுக்கு வழி தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. நீயும் விபினும் மாறி மாறி உட்காருங்கள். முன்னால் இருப்பவர் சொல்வதைப் பின்னால் இருப்பவர் கேட்கட்டும். சில நாள் மற்ற இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு நடு சீட்டை மாட்டு. அன்றைக்கு அவர் கயிறோடு நிற்பார். அவர் நாளில் நீ நில்.

நானும் பழகுகிறேன். காலையில் கடை திறந்ததும் ரோட்டோரத்தில் ஒரு டிரம்மை வைத்துக் கயிற்றுப்பையை வீசுகிறேன். இருபது தடவை வீசினால் பன்னிரண்டு தடவை டிரம்மைத் தாண்டி விழுகிறது. டிரைவர்கள் "அண்ணன் திமிங்கிலம் பிடிக்கப் போறாக" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்த தடவை நீ கத்தினால் என் கை எழும்.

டப்பாவில் பக்கிள் எட்டு, பெல்ட் நாடா பத்து மீட்டர், பசை இரண்டு டியூப், உப்புத்தாள், கோணி ஊசி, மெழுகு நூல் இருக்கின்றன. பசை போட்டால் ஒரு முழு நாள் காய விடு, அவசரப்படாதே. நடு சீட்டின் இரண்டு பெல்ட்டையும் நேற்று புதிதாக மாற்றித் தைத்திருக்கிறேன். என் கையால் தைத்ததில் இதுதான் நல்ல தையல். மாட்டிவிட்டு, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, சிவப்பு நாடாவைத் தேடி இழுத்துப் பார்த்தேன். நூறு தடவை இழுத்தேன், தாயி. நூறு தடவையும் விட்டது.

அப்பா